மாங்க் மாத்திரை சாப்பிட்ட எபிசோடும் மூணு பார்வையாளர்களும்

ஒரு காமெடி டிவி தொடரைப் பார்த்துவிட்டு ஒருத்தர் தன்னோட மாத்திரையை நிறுத்துவாரா?

நிறுத்தினார். நிறுத்திட்டு என்கிட்டதான் வந்தார். இந்த த்ரெட் கொஞ்சம் நீளம், பொறுமையா வாங்க.

(அவருடைய அனுமதியோடுதான் எழுதுறேன். வயசு, வேலை, ஊர் எல்லாத்தையும் அடையாளம் தெரியாதபடி மாத்தியிருக்கேன்.)

போன வருஷம் மழைக்காலம். காய்ச்சல் கூட்டத்துக்கு நடுவுல ஒரு தம்பி. 27 வயசு. ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. கூட அவங்க அம்மா.

"சார், நாலு நாளா தலை சுத்துது. தலையைத் திருப்பினா உள்ளுக்குள்ள சுரீர்னு கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு. தூக்கம் இல்ல. காரணமே இல்லாம எரிச்சல் வருது."

படுக்க வச்சும் நிக்க வச்சும் பிபி பார்த்தேன். நார்மல். சர்க்கரை, ஹீமோகுளோபின், ஈசிஜி, எல்லாம் நார்மல். காதுலயும் ஒண்ணும் இல்ல. கழுத்துக்கு ஒரு எக்ஸ்ரே எழுதிடலாமான்னு கை பேனாவை எடுத்துடுச்சு. என்ன பண்றதுன்னு தெரியாதப்போ நாங்க எழுதுற எக்ஸ்ரே அது. உண்மையைச் சொல்லிடணும்ல.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா தம்பி?"

"இல்ல சார்."

எழுதப் போனவன் நிறுத்தி, கேள்வியை மாத்திக் கேட்டேன். "இதுக்கு முன்னாடி ஏதாவது சாப்பிட்டுட்டு இருந்தீங்களா?"

அம்மா மகனைப் பார்த்தாங்க. மகன் தரையைப் பார்த்தார்.

"செர்ட்ராலின் சார். 150 மில்லிகிராம். ஒண்ணே கால் வருஷமா. போன வாரம் நிறுத்திட்டேன்."

"டாக்டர் நிறுத்தச் சொன்னாரா?"

"இல்ல சார். நானாத்தான்."

கேஸ் முடிஞ்சது. இந்த வகை மாத்திரையை ஒரே நாள்ல டக்குனு நிறுத்தினா சிலருக்கு இப்படித்தான் ஆகும். தலைசுத்தல், குமட்டல், தூக்கமின்மை, தலைக்குள்ள மின்சாரம் பாயுற மாதிரி ஒரு உணர்வு. இதை வச்சு "பார்த்தியா, அடிமையாயிட்டோம்"னு பயப்பட வேண்டாம். இது போதைப் பழக்கம் இல்ல. பழகின மருந்து திடீர்னு இல்லாமப் போனதுக்கு நரம்பு மண்டலம் காட்டுற எதிர்ப்பு, அவ்வளவுதான். அதனாலதான் நிறுத்தணும்னாலும் மருத்துவர் சொல்படி வாரக்கணக்கில், சில சமயம் மாசக்கணக்கில், படிப்படியா குறைக்கணும்.

"சரி, ஏன் நிறுத்தினீங்க?"

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சார், நீங்க மாங்க் பார்த்திருக்கீங்களா?"

பார்த்திருக்கேனாவா!

தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். 'மாங்க்' ஒரு அமெரிக்கத் தொடர். 2002ல் ஆரம்பிச்சு 2009 வரை எட்டு சீசன், 125 எபிசோட். ஹீரோ ஏட்ரியன் மாங்க். சான் ஃபிரான்சிஸ்கோ போலீஸ்ல பெரிய துப்பறிவாளராக இருந்தவர். மனைவி ட்ரூடி கார் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட பிறகு நொறுங்கிப் போய் வேலையை இழந்தவர். அவருக்கு ஓசிடி. நம்ம ஊர்ல எண்ணச் சுழற்சி நோய்னு சொல்றாங்களே, அது. கிருமின்னா பயம், உயரம்னா பயம், பாலுன்னாகூட பயம். யாராவது கை குலுக்கினா உடனே உதவியாளர் ஷரோனா பக்கம் கையை நீட்டுவார், அவங்க ஈரத்துணி எடுத்துக் கொடுக்கணும். ஒரு படம் சுவர்ல கோணலா இருந்தா கொலை நடந்த வீடுன்னாலும் முதல்ல அதைத்தான் நேர் பண்ணுவார். ஆனா போலீஸ் மொத்தமும் கோட்டை விட்ட தடயத்தை அவர் கண்ணுதான் பிடிக்கும்.

டோனி ஷலூப்தான் மாங்க். மூணு எம்மி விருது. நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஹாஸ்டல்ல ஒருத்தன் ஹார்ட் டிஸ்க்ல இருந்து இன்னொருத்தன் ஹார்ட் டிஸ்க்னு சுத்திச் சுத்தி வந்த தொடர். நைட் டூட்டி முடிச்சு வந்து தூங்காம பார்த்திருக்கோம். எங்க ரூம்ல யாராவது ரெண்டு தடவை கை கழுவினா "டேய் மாங்க்"னு கத்துவோம். வருங்கால மருத்துவர்கள் பத்துப் பேர்!

தம்பி சொன்னது 2004ல் வந்த மூணாவது சீசன் எபிசோட். 'மிஸ்டர் மாங்க் டேக்ஸ் ஹிஸ் மெடிசின்'. பேரே கதையைச் சொல்லிடுது. மாங்க் ஒரு மாத்திரையை ஆரம்பிக்கிறார். டையாக்சினில்னு பேர், அப்படி ஒரு மருந்து நிஜத்தில் கிடையாது. சாப்பிட்டதும் மனுஷன் அப்படியே தலைகீழா மாறிடுறார். பயம் போச்சு. கிருமி போச்சு. தனக்குத்தானே 'தி மாங்க்'னு பட்டம் வச்சுக்கிட்டு, கூட இருக்கிறவங்களுக்கே எரிச்சல் வர்ற அளவுக்கு ஜாலியா சுத்துறார். ஆனா தடயம் எதுவும் கண்ணுல பட மாட்டேங்குது. துப்பறியும் மூளை மொத்தமா அவுட். கடைசியில மாத்திரையை விடுறார், பழைய மாங்க் திரும்ப வர்றார், கேஸ் முடியுது, சுபம்.

"பார்த்தீங்களா சார்? அவரோட திறமையே அந்த நோயிலதான் இருக்கு. எனக்கும் அப்படித்தான். நான் பார்த்த ஃபைல்ல தப்பே இருக்காதுன்னு ஆபீஸ்ல பேரு. மாத்திரை சாப்பிட்டு அது போயிட்டா நான் யாரு சார்?"

இந்த எபிசோடை முதல் தடவை பார்த்தப்போ நான் என்ன பண்ணினேன்னு இங்க ஒத்துக்கணும். ஜாலியான மாங்க் எனக்குச் சுத்தமாப் பிடிக்கல. "ஐயோ, சீக்கிரம் அந்த மாத்திரையைத் தூக்கிப் போடுய்யா"ன்னு திரையைப் பார்த்துச் சொன்னேன். அவர் விட்டதும் நிம்மதி. எம்பிபிஎஸ் முடிச்சவன், மனநல வார்டுல போஸ்டிங் பார்த்தவன், ஒரு நோயாளி மருந்தை நிறுத்தினதுக்குக் கை தட்டியிருக்கேன். அப்போ அது தோணவே இல்ல.

தோணாததுக்குக் காரணமும் சொல்றேன். ரசிகன்னு ஆயிட்டா நமக்கு எதுவுமே மாறக்கூடாது. இந்தத் தொடர் இரண்டாவது சீசன்ல டைட்டில் இசையை மாத்தினாங்க. முதல் சீசன் இசைக்கு எம்மி கிடைச்சது. புதுசா வந்த ராண்டி நியூமன் பாட்டுக்கும் அடுத்த வருஷமே எம்மி கிடைச்சது. ஆனா பழசுதான் வேணும்னு ரசிகர்கள் பிடிச்ச பிடிவாதத்தைத் தொடரே ஒரு எபிசோட்ல கிண்டல் பண்ணுச்சு. அதுல ஒரு தீவிர ரசிகை பாத்திரம், இன்னொரு துப்பறியும் தொடர் டைட்டில் இசையை மாத்திட்டாங்கன்னு மாங்க்கிட்டயே புலம்புவாங்க. ஒரு பாட்டு மாறினதுக்கே இவ்வளவுன்னா, ஹீரோ குணமாகிறதை விடுவோமா?

சரி, தம்பி கதைக்கு வர்றேன்.

"நீங்க ஒரு ஃபைலை எத்தனை தடவை கூட்டிப் பார்ப்பீங்க?"

"மாத்திரைக்கு முன்னாடி எட்டுத் தடவை சார். எட்டுதான் கணக்கு. நடுவுல யாராவது கூப்பிட்டா திரும்ப ஒண்ணுல இருந்து."

"தப்பு கண்டுபிடிப்பீங்கல்ல, அது எத்தனாவது தடவையில?"

யோசிச்சார். நல்ல கணக்காளர், நேர்மையா யோசிச்சார்.

"முதல் தடவையில சார். எப்பவாவது ரெண்டாவதுல."

"மிச்சம் ஆறு?"

பதில் இல்லை.

"அந்த ஆறு தடவையில ஒரு தப்பாவது கிடைச்சிருக்கா?"

"...இல்ல சார்."

நண்பர்களே, எண்களைப் பார்த்ததும் கோணல் எங்கேன்னு தெரியுதே, அதுதான் இவரோட திறமை. அது முதல் தடவையிலேயே முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் வர்ற ஆறு தடவைதான் நோய். ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து, "டிராயரைப் பூட்டினேனா"ன்னு திரும்ப ஆபீஸுக்கு வண்டி எடுத்துட்டுப் போனதும் நோய். சிலிண்டர் வால்வை மூடியாச்சான்னு போட்டோ எடுத்து, அந்தப் போட்டோ இன்னைக்கு எடுத்ததுதானான்னு சந்தேகப்பட்டு மறுபடி எடுத்ததும் நோய். திரும்பத் திரும்பச் சரிபார்க்கப் பார்க்க நம்ம நினைவு மேல நமக்கே இருக்கிற நம்பிக்கை குறையும்னு சோதனைகள் பண்ணியே காட்டியிருக்காங்க. எட்டாவது தடவை பார்க்கிறவருக்கு ரெண்டாவது தடவை பார்த்தவரை விட உறுதி கம்மியாத்தான் இருக்கும். கொடுமை என்னன்னா, அந்த உறுதிக்காகத்தான் அவர் எட்டுத் தடவை பார்க்கிறார்.

தொடர் இந்த ரெண்டையும் ஒண்ணாக் கட்டிடுது. மாங்க் கண்ணு கூர்மையா இருக்கிறதுக்கும், கை குலுக்கினதும் துணி தேடுறதுக்கும் ஒரே வேர்னு காட்டுது. கதைக்கு அது அழகு. கிளினிக்ல நான் பார்க்கிறது வேற. ஓசிடியோட பாதி மூளைசக்தி சுழற்சிக்கே செலவாகிடும். மிச்சத்தை வச்சுத்தான் அவங்க வேலை பார்க்கிறாங்க.

மாத்திரை விஷயத்துலயும் அந்த எபிசோட் நிஜத்துல இருந்து ரொம்ப தூரம். ஓசிடிக்குக் கொடுக்கிற செர்ட்ராலின், ஃபுளூவாக்சமின், ஃபுளூவாக்சடின் எல்லாம் ஒரே ராத்திரியில ஆளை மாத்தாது. மாத்தினா நாங்க ஏன் இவ்வளவு கஷ்டப்படுறோம்? மனச்சோர்வுக்குக் கொடுக்கிறதைவிட அதிக அளவு தேவைப்படலாம். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். எல்லாருக்கும் பலிக்காது, ஒண்ணு சரிவரலைன்னா இன்னொண்ணு. எண்ணம் சுத்தமா நின்னு போகாது. ரேடியோ சத்தம் குறையுற மாதிரி. அது குறைஞ்சாத்தான் அடுத்த வேலையைச் செய்ய முடியும்.

அந்த அடுத்த வேலை ரொம்ப முக்கியம். பூட்டை ஒரே ஒரு தடவை பூட்டிட்டு, திரும்பிப் பார்க்காம நடக்கணும். நெஞ்சு படபடக்கும். படபடக்கட்டும். அதோட உட்கார்ந்திருந்தா பதற்றம் தானா இறங்கும்னு மூளை மெல்ல மெல்ல கத்துக்கும். ஈஆர்பின்னு பேர். பயிற்சி பெற்ற உளவியலாளர் படிப்படியா சொல்லிக் கொடுப்பாங்க. மாத்திரையும் இதுவும்தான் ஓசிடிக்கு முதல் வரிசை சிகிச்சை. மாங்க் பல வருஷமா டாக்டர் க்ரோகர்கிட்ட போறார், சோபாவுல உட்கார்ந்து பேசுறார், பேசுறார், பேசிக்கிட்டே இருக்கார். பார்க்க நல்லா இருக்கும். ஆனா வெறும் பேச்சுக்கு ஓசிடி அசையாது.

இதெல்லாம் தம்பிக்கு விளக்கிச் சொல்லி ஜெயிச்சிட்டோம்னு நினைச்சேன். அவர் தலையாட்டினார். ஆனா முகம் தெளியல.

"இன்னும் ஏதோ இருக்கே தம்பி?"

ரொம்ப நேரம் கழிச்சுச் சொன்னார். "ரெண்டு மாசம் முன்னாடி தாத்தா இறந்துட்டார் சார். என்னை வளர்த்தவர். எனக்கு அழுகையே வரல. எல்லாரும் அழறாங்க, நான் பந்தல்காரருக்குக் கணக்குப் பார்த்துட்டு இருக்கேன். எங்க சித்தப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கே என்னைப் பார்த்துப் பயமா இருந்துச்சு."

நான் சாய்ஞ்சு உட்கார்ந்தேன். அரை மணி நேரமா நான் தப்பான கேஸைத் துப்பறிஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

ஏன்னா, இது உண்மை. இந்த வகை மாத்திரை சாப்பிடுறவங்கள்ல ஒரு பகுதியினர் "உணர்ச்சி மரத்துப் போன மாதிரி இருக்கு"ன்னு சொல்றாங்க. துக்கம் மட்டும் இல்ல, சந்தோஷமும் எட்ட நிக்கிற மாதிரி. தாம்பத்திய ஆசை குறையறதும் உண்டு, நம்ம ஊர்ல அதைச் சொல்லக் கூச்சப்பட்டே நிறையப் பேர் மாத்திரையை விடுறாங்க. துக்கத்துல அழுகை வராம போறதுக்கு வேற காரணமும் இருக்கலாம். ஆனா மருந்துக்கும் பங்கு இருக்கலாம்னு நாங்க ஒத்துக்கணும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க"ன்னு சொன்னா அடுத்த தடவை சொல்லாம நிறுத்திடுவாங்க. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாத்தலாம், ஈஆர்பியைக் கூட்டலாம். வழி இருக்கு. ஆனா அந்தக் குறையை டாக்டர்கிட்ட சொன்னாத்தான் வழி.

தம்பி சொல்லல. சொல்ல வார்த்தை கிடைக்கல. 20 வருஷம் பழசான ஒரு அமெரிக்க காமெடியில அவருக்கு வார்த்தை கிடைச்சது. எனக்கு அந்த எபிசோட் மேல இருந்த கோபம் அந்த இடத்துல கொஞ்சம் இறங்குச்சு. 'மருந்து என்னை வேற ஆளா ஆக்கிடுமோ'ன்ற பயத்தை அந்தத் தொடர் மிகைப்படுத்திச்சு, சரி. புதுசாக் கண்டுபிடிக்கலையே.

அவரோட மனநல மருத்துவருக்கு அங்கேயே போன் போட்டோம். மறுநாளே பார்க்க நேரம் கொடுத்தார். நான் மனநல மருத்துவர் இல்ல, அதனால மருந்தை நானா எழுதல. தலைசுத்தலுக்கு மட்டும் பார்த்து அனுப்பினேன்.

எழுந்து போகும்போதுதான் அதுவரை வாயே திறக்காத அம்மா பேசினாங்க.

"சார், அந்தப் படத்தை நானும் இவன்கூட உட்கார்ந்து பார்த்தேன். இங்கிலீஷ் எனக்குப் புரியாது. இவன்தான் சொல்லிச் சொல்லிக் காட்டினான். அந்த மாத்திரை போட்டிருந்தப்போ அந்த மனுஷன் எவ்வளவு சந்தோஷமா சிரிச்சாரு! அதை ஏன் சார் நிறுத்த விட்டாங்க?"

என்ன சொல்றதுன்னு தெரியல. "இல்லம்மா, அவரால கேஸ் கண்டுபிடிக்க முடியல, அதான்..."

"கண்டுபிடிக்கலன்னா என்ன சார்? அதுக்குப் போலீஸ் இருக்குல்ல?"

ஒரே எபிசோட். நான் ரசிகனாப் பார்த்தேன், மாத்திரை போனா போதும்னு இருந்தது. மகன் நோயாளியாப் பார்த்தார், சாட்சி கிடைச்சதுன்னு இருந்தது. அம்மா, சாப்பாடு ஆறிப்போய் ராத்திரி வாசல்ல நின்னவங்க. மகன் பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிற சத்தத்தைப் படுத்துக்கிட்டே எண்ணினவங்க. அவங்க பார்த்தது ஒரு மனுஷன் சிரிச்சதை மட்டும்தான். மாங்க் நோயாளியாவே இருக்கணும்னு யாருக்குத் தேவைன்னு யோசிச்சுப் பாருங்க. போலீஸுக்குத் தேவை. அடுத்த வாரம் எபிசோட் வேணும்னு காத்திருந்த எனக்குத் தேவை. மாங்குக்கு?

ஓசிடி உள்ள பார்வையாளர்களும் இந்தத் தொடரைப் பத்தி ஒரே மாதிரி நினைக்கல. "எங்களை மாதிரி ஒருத்தன் ஹீரோ"ன்னு மகிழ்ந்தவங்க உண்டு. "எங்க வலியை வச்சுச் சிரிக்கிறீங்க"ன்னு வருந்தினவங்களும் உண்டு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. நான் இன்னும் அந்தத் தொடரின் ரசிகன்தான். ஷலூப் நடிப்புல கேலி கிடையாது, கண்ணுல எப்பவும் ஒரு தவிப்பு இருக்கும்.

2023ல் ஒரு படம் வந்தது, 'மிஸ்டர் மாங்க்ஸ் லாஸ்ட் கேஸ்'. கொரோனா காலம் மாங்கை என்ன பாடு படுத்தியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அதுல வயசான மாங்க் வாழ்க்கையையே முடிச்சுக்கலாமாங்கிற எண்ணத்தோட இருக்கார். காமெடி பார்க்கலாம்னு உட்கார்ந்த எனக்கு அன்னைக்குச் சிரிப்பு வரல.

இப்போ உங்களுக்கு. நம்ம வீடுகள்ல ஓசிடி சுலபமா ஒளிஞ்சுக்கும். சுத்தம் சோறு போடும்னு வளர்ந்தவங்க நாம. "எங்க மருமக ரொம்ப சுத்தக்காரி", "அவன் வேலையில அப்படி ஒரு கவனம்", "பாட்டி மடி ஆசாரம் ரொம்பப் பார்ப்பாங்க". பெருமையாவே சொல்வோம். கை கழுவிக் கழுவித் தோல் வெடிச்சு வந்தவங்களுக்கு நானே மூணு தடவை களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கேன், ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுறீங்கன்னு கேட்காம. இப்போ கேட்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல இதுலயே போகுதா, வேலையும் தூக்கமும் கெடுதா, நிறுத்தணும்னு நினைச்சும் நிறுத்த முடியலையா? அப்போ அது சுத்தம் இல்ல, மருத்துவரைப் பாருங்க. யாரைப் பார்க்கிறதுன்னு தெரியலன்னா 14416க்குக் கூப்பிடுங்க. டெலிமானஸ், அரசோட இலவச மனநல உதவி எண். தமிழ்லயே பேசலாம். வாழ்க்கையை வெறுக்கிற எண்ணம் வந்தா ஒரு நாளும் தள்ளிப் போடாதீங்க.

மாத்திரை ஒத்துக்கலைன்னா, எது ஒத்துக்கலைன்னு டாக்டர்கிட்ட வாய் திறந்து சொல்லுங்க. அழுகை வரலைன்னாலும் சொல்லுங்க.

தம்பிக்கு மருந்தை மாத்தினாங்க, குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சாங்க. ஈஆர்பிக்கு வாராவாரம் போறார். போன மாசம் அம்மாவோட சளிக்காக ரெண்டு பேரும் வந்தாங்க. இப்போ ஃபைலை மூணு தடவை கூட்டுறாராம். "ரெண்டுக்குக் கொண்டு வரணும் சார், மூணாவது இன்னும் விட மாட்டேங்குது"ன்னார். தாத்தா வருஷாப்திகத்துக்குச் சாமான் வாங்கப் போனப்போ கடையில அவர் பிராண்ட் மூக்குப்பொடி டப்பாவைப் பார்த்து அங்கேயே நின்னு அழுதாராம். சொல்லும்போது வெட்கமாச் சிரிச்சார்.

சீட்டு எழுதிக் கொடுத்தேன். அம்மா வாங்கிக்கிட்டு, வாசல் வரை போய்த் திரும்பினாங்க.

"சார், அந்தப் படத்துல அவருக்கு அப்புறம் மறுபடியும் மாத்திரை கொடுத்தாங்களா?"

"இல்லம்மா, நான் பார்த்தவரைக்கும் இல்ல. அது கதைதானேம்மா."

"கதைதானே சார், கொடுத்திருக்கலாமே."